சூரியக் காற்றோடு ஒரு கொடுக்கல் வாங்கல்

1969 ஜூலையில் நிலவில் இறங்கிய ஆல்ட்ரின், அமெரிக்கக் கொடி நடப்படுவதற்கு முன்பாகவே வேறொரு கம்பத்தை நட்டுவைத்தார். அதில் ஓர் அலுமினியத் தாள் சூரியனைப் பார்த்தபடி விரிந்து தொங்கியது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் யோகன்னஸ் கைஸ் என்ற இயற்பியலாளரின் குழு தயாரித்துக் கொடுத்த தாள் அது. 77 நிமிடம் அங்கே இருந்தபின் அதைச் சுருட்டிப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். ஆய்வகத்தில் உருக்கிப் பார்த்தபோது ஹீலியம், நியான், ஆர்கான் அணுக்கள் அதிலிருந்து வெளிவந்தன. சூரியனிலிருந்து 15 கோடி கிலோமீட்டர் பறந்து வந்து உலோகத்துக்குள் புதைந்த அணுக்கள் அவை. அந்தத் தாளுக்குக் கிடைத்தது ஒன்றேகால் மணி நேரம். நிலவின் மண் இதே அணுக்களைப் பல நூறு கோடி ஆண்டுகளாக வாங்கிக்கொண்டிருக்கிறது.

வந்து புதைந்த பொருளின் பெயர் சூரியக் காற்று. சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனா பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் அணுக்கள் அணுக்களாக நிற்க முடியாது. எலக்ட்ரான் தனியாக, அயனி தனியாகப் பிரிந்து பிளாஸ்மாவாகிவிடும். சூரியனின் ஈர்ப்பால் அதை முழுதாகக் கட்டிவைக்க முடியவில்லை. வினாடிக்கு 300 முதல் 800 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசையிலும் அது வழிந்தோடுகிறது. பூமியின் அருகே ஒரு கன சென்டிமீட்டரில் ஐந்து முதல் பத்துப் புரோட்டான்கள்தான் இருக்கும். நம் ஆய்வகங்கள் உண்டாக்கும் நல்ல வெற்றிடங்களைவிடவும் இது வெறுமையானது. ஆனாலும் இந்தப் பிளாஸ்மா சூரியனின் காந்தப்புலத்தையும் உடன் இழுத்துக்கொண்டு வருகிறது. துகள்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது மிக அபூர்வம். காந்தப்புலம் அவற்றைப் பிணைத்து, ஒரே திரவம்போல ஓடவைக்கிறது. இனி வரும் எல்லாமே இந்தப் பிணைப்பின் விளைவுகள்தான்.

இப்படி ஒரு காற்று இருக்கிறது என்ற துப்பைக் கொடுத்தவை வால்நட்சத்திரங்கள். அவற்றின் நீல நிற அயனி வால், வால்நட்சத்திரம் எந்தப் பக்கம் போனாலும் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையிலேயே நீள்கிறது. ஒளியின் அழுத்தம் மட்டும் அதை அவ்வளவு வேகமாகத் தள்ளிவிட முடியாது என்று 1951-ல் ஜெர்மானியரான லுட்விக் பியர்மன் கணக்கிட்டுச் சொன்னார். 1958-ல் யூஜின் பார்க்கர் அதற்கு முழுக் கோட்பாட்டையும் எழுதினார். மதிப்பீட்டாளர்கள் அந்தக் கட்டுரையை நிராகரித்தார்கள். அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னலின் ஆசிரியராக அப்போது இருந்தவர் சுப்ரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்து பிடிக்கவில்லை. ஆனால் கணிதத்தில் பிழை இல்லை என்பதால் மறுப்புகளை ஒதுக்கிவிட்டு வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில், வெள்ளியை நோக்கிப் போன மாரினர் 2 வழி நெடுகிலும் அந்தக் காற்றை அளந்து காட்டியது. தனக்கு உடன்பாடில்லாத கருத்துக்கும் வழிவிட்ட அந்த ஆசிரியரின் நேர்மை இந்தத் துறையின் பிறப்பிலேயே இருக்கிறது.

அதற்குப் பிந்தைய அறுபது ஆண்டு அளவீடுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது, பாடநூல்களில் நிலைத்துவிட்ட ஒரு சித்திரத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. சூரியக் காற்று தாக்குகிறது, காந்தப்புலம் உள்ள கோள் கவசத்தால் தப்பிக்கிறது, இல்லாத கோள் அழிகிறது என்பது அந்தச் சித்திரம். நடப்பது தாக்குதலும் தற்காப்பும் மட்டுமல்ல; இரு பக்கமும் பொருளும் ஆற்றலும் கைமாறுகின்றன. எவ்வளவு கைமாறும் என்பதைக் காற்றின் வேகத்தைவிட, எதிரே நிற்பது வெறும் பாறையா, வாயுப் போர்வையா, காந்தப்புலமா, பனிக்கடியில் உள்ள உப்புக் கடலா என்பதே பெரிதும் முடிவுசெய்கிறது.

வெறும் பாறைக்கு நிலவே சிறந்த உதாரணம். 1967-ல் நிலவைச் சுற்றிய எக்ஸ்ப்ளோரர் 35, அதன் முன்புறத்தில் அதிர்ச்சி அலை எதுவும் இல்லை என்றும், பின்புறத்தில் பிளாஸ்மா இல்லாத நீண்ட வெற்றிடம் இருக்கிறது என்றும் கண்டது. நிலவு எதையும் விலக்கவில்லை, வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டது. அப்படித்தான் நாற்பது ஆண்டுகள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத் திருத்தியதில் சந்திரயான் 1-க்குப் பெரிய பங்கு உண்டு. அதில் சாரா என்ற சிறு கருவி இருந்தது. அதை உருவாக்கியவர்களில் திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் ஸ்வீடனின் கிருணா நகரத்து விண்வெளி இயற்பியல் நிறுவனமும் உண்டு. மின்னூட்டம் இல்லாத ஹைட்ரஜன் அணுக்கள் நிலவின் தரையிலிருந்து மேலே வருகின்றனவா என்று அது பார்த்தது. நிறையவே வந்தன. தரையில் விழும் சூரியப் புரோட்டான்களில் ஐந்தில் ஒரு பங்கு வரை, மண்ணிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜன் அணுவாகத் திரும்பிப் பறக்கிறது என்று 2009-ல் முடிவு வெளியானது. அத்தனை நுண்துளைகள் கொண்ட மண் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்று எண்ணியவர்களுக்கு இது பெரிய வியப்பு.

அதே கருவி இன்னொன்றையும் காட்டியது. நிலவுக்கு மொத்தமாகக் காந்தப்புலம் இல்லை. ஆனால் அதன் ஓட்டில் அங்கங்கே பழைய காந்தம் உறைந்து கிடக்கிறது. மறுபக்கத்தில் ஜெராசிமோவிச் பள்ளத்தை ஒட்டிய அப்படியொரு பகுதிக்கு மேலே பறந்தபோது, திரும்பி வரும் ஹைட்ரஜன் பாதியாகக் குறைந்தது. அதாவது புரோட்டான்களில் ஏறத்தாழ பாதி அங்கே தரையைத் தொடவில்லை. ஏறத்தாழ 360 கிலோமீட்டர் குறுக்களவில் ஒரு குட்டிக் காந்தமண்டலம் காற்றை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பைச் சுற்றி, ஒதுக்கப்பட்ட துகள்கள் வழக்கத்தைவிட அதிகமாக விழுந்தன. மின்னூட்டம் இல்லாத அணுக்களைக் காந்தம் வளைக்காது. ஆகவே அவை நேர்கோட்டில் வந்து, தரையில் எங்கே அடி விழுகிறது, எங்கே விழவில்லை என்று படம் போட்டுக் காட்டின. ரைனர் காமா போன்ற இடங்களில் தொலைநோக்கியில் தெரியும் வெண்சுழல் கோலங்கள் இப்படிப்பட்ட காந்தப் பகுதிகளின் மேல்தான் இருக்கின்றன. சூரியக் காற்று குறைவாகப் பட்டதால் அந்த மண் கருக்காமல் இருக்கிறது என்ற விளக்கமே இப்போது வலுவாக நிற்கிறது.

நிலவில் தங்கும் புரோட்டான்கள் என்ன ஆகின்றன? பாறைத் தாதுக்களில் ஆக்சிஜன் ஏராளம். புதைந்த ஹைட்ரஜன் அதோடு சேர்ந்து ஹைட்ராக்சிலாகவும், ஓரளவு நீராகவும் மாறுகிறது. சந்திரயான் 1 சுமந்த எம்-க்யூப் நிறமாலைமானி 2009-ல் நிலவெங்கும் கண்ட தடயத்தில் கணிசமான பகுதி இப்படி உண்டானதே. ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. ஒவ்வொரு பௌர்ணமியையும் ஒட்டிச் சில நாட்கள் நிலவு பூமியின் காந்த வாலுக்குள் நுழைகிறது. அப்போது சூரியக் காற்று அதன்மேல் ஏறக்குறைய வீசுவதே இல்லை. நீர் உருவாவதும் நிற்க வேண்டும். எம்-க்யூப் தரவுகளை மறுபடி ஆராய்ந்த ஷுவாய் லீ என்ற ஹவாய் ஆய்வாளர், அது நிற்கவில்லை என்று 2023-ல் காட்டினார். காந்த வாலில் உள்ள அதிவேக எலக்ட்ரான்கள் அந்த வேலையைத் தொடர்ந்து செய்கின்றன என்பது அவர் முன்வைக்கும் விளக்கம். அப்படியானால் நிலவின் நீரில் பூமியின் காந்த வாலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

சிறுகோள்களில் இதே கதை ஒரு பழைய புதிரை அவிழ்த்தது. பூமியில் விழும் விண்கற்களில் மிகச் சாதாரண வகையின் நிறமும், வானில் தெரியும் எஸ் வகைச் சிறுகோள்களின் நிறமும் பொருந்தவே இல்லை. ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2010 ஜூனில் இடோகாவா சிறுகோளிலிருந்து தூசி மணிகளைக் கொண்டுவந்தது. மின்னணு நுண்ணோக்கியில் அந்த மணிகளின் வெளி ஓரத்தைப் பார்த்தபோது, ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தோல் தெரிந்தது. சூரியக் காற்று அடித்து அடித்துத் தாதுவின் ஒழுங்கைக் குலைத்திருந்தது; உள்ளே நானோமீட்டர் அளவில் இரும்புத் துளிகள் முளைத்திருந்தன. ஒரு சிறுகோளின் நிறத்தையே அந்த மெல்லிய தோல் மாற்றிவிடுகிறது. உள்ளே இருப்பது அதே சாதாரண விண்கல்தான். 2021-ல் அதே மணிகளின் ஓரத்தில் சூரியக் காற்று உண்டாக்கிய நீரும் கண்டறியப்பட்டது. பூமியின் கடல்களில் ஒரு பங்கு இப்படிப்பட்ட தூசி சுமந்து வந்ததாக இருக்கலாம் என்று அதன் ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். இந்த வாதம் இன்னும் நிறைய மாதிரிகளில் சோதிக்கப்பட வேண்டும்.

வால்நட்சத்திரத்தில் காற்று முதலில் சந்திப்பது வாயுவை. அதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நீர் மூலக்கூறைப் பின்தொடர்ந்தால் போதும். பனிக்கருவிலிருந்து அது வினாடிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் கிளம்புகிறது. மின்னூட்டம் இல்லாததால் சூரியக் காற்று அதைத் தொடுவதில்லை. நடுவில் புகுந்து போய்விடுகிறது. ஒரு கட்டத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர் அதன் எலக்ட்ரான் ஒன்றைத் தட்டிவிடுகிறது. அந்தக் கணத்திலிருந்து அது அயனி. பாய்ந்துவரும் காந்தப்புலமும் அதோடு வரும் மின்புலமும் அதைப் பற்றி இழுத்து, வினாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்துக்கு ஓடவைக்கின்றன. அந்த வேகம் சூரியக் காற்றின் கையிருப்பிலிருந்து வந்தது. கொடுத்த அளவுக்குக் காற்று தளர வேண்டும். கோடானுகோடி மூலக்கூறுகள் இப்படி ஏறிக்கொள்ளும்போது காற்று கனத்து மெதுவாகிறது. அதன் காந்தக் கோடுகள் வால்நட்சத்திரத்தின் தலையைச் சுற்றி மடிந்து விழுகின்றன. அந்த மடிப்புதான் அயனி வால் என்று ஹான்ஸ் அல்ஃபேன் 1957-லேயே சொல்லிவிட்டார். 1986 மார்ச்சில் ஹாலி வால்நட்சத்திரத்தின் கருவிலிருந்து 596 கிலோமீட்டர் தொலைவில் கடந்த ஜியோட்டோ விண்கலம், உள்ளே காந்தப்புலமே புக முடியாத ஒரு வெற்றுக் குழியையும் கண்டது.

ஆனால் ஜியோட்டோ பார்த்தது ஒரு கடந்துபோதல் மட்டுமே. ரோசெட்டா விண்கலம் 67பி சூரியுமோவ்–கெராசிமென்கோ என்ற வால்நட்சத்திரத்துடன் 2014 ஆகஸ்ட் முதல் 2016 செப்டம்பர் வரை இரண்டு ஆண்டுக்கு மேல் கூடவே பயணித்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த அளவீடுகள் அவை. முதலில் புரோட்டான்கள் லேசாகத் திசை மாறின. நீர் அயனிகள் ஒரு பக்கம் முடுக்கப்பட, உந்தம் சமனாக வேண்டும் என்பதால் சூரியக் காற்று எதிர்ப்பக்கம் சாய்ந்தது. மாதங்கள் செல்லச் செல்லச் சாய்வு கூடியது. 2015 ஏப்ரல் இறுதியில் சூரியப் புரோட்டான்கள் கருவியிலிருந்து மறைந்தே போயின, டிசம்பரில்தான் திரும்பின. சூரியக் காற்று எட்டாத ஓர் இடத்தை நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பனிக்கட்டி தன் மூச்சினாலேயே உண்டாக்கிவிட்டது. அந்த ஜூலை 26-ல் காந்தப்புலம் திடீரெனச் சுழியானது. காந்தம் புகாத அந்தக் குழியின் எல்லை, கோட்பாடு எதிர்பார்த்ததைவிட வெகு தொலைவில் இருந்தது. அலையலையாக முன்னும் பின்னும் அசைந்து விண்கலத்தை நூற்றுக்கணக்கான முறை கடந்தது. ஜியோட்டோவின் ஒற்றைக் கோட்டிலிருந்து வரைந்த அமைதியான படம் அதோடு போயிற்று.

புதனை விரைவாகக் கடந்துவிடலாம்: பூமியினுடையதில் நூற்றில் ஒரு பங்கு காந்தம், கடுமையான காற்று, தரையிலிருந்து கிளம்பும் சோடியத்தின் நீண்ட வால். வெள்ளி, பூமி, செவ்வாய் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் இடத்தில்தான் உண்மையான விவாதம் இருக்கிறது.

பூமியின் காந்தப்புலம் சூரியன் இருக்கும் பக்கத்தில் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் தொலைவிலேயே காற்றை நிறுத்துகிறது. ஓடும் ஆற்றில் நிற்கும் பாலத்தூணின் முன்னால் நீர் குவிந்து விலகுவதுபோல, அதற்கும் முன்னால் ஓர் அதிர்ச்சி அலை நிற்கிறது. செவ்வாய்க்கு அப்படி ஒன்றும் இல்லை. அதன் உள்மையக் காந்தம் ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அணைந்துவிட்டது. 1997-ல் போய்ச் சேர்ந்த மார்ஸ் குளோபல் சர்வேயர் தென்பாதியின் பாறைகளில் அதன் எச்சங்களைக் கண்டுபிடித்தது. 2014-லிருந்து செவ்வாயைச் சுற்றிய மேவன், வினாடிக்கு நூறு கிராம் அளவில் வளி வெளியேறுவதாக அளந்தது. 2017-ல் வந்த முடிவு இன்னும் அழுத்தமானது. ஆர்கான் எதோடும் வேதிவினை புரியாது, பாறையாகவும் மாறாது. தொலைந்தால் அது விண்வெளிக்குத்தான் போயிருக்க வேண்டும். செவ்வாயின் ஆர்கானில் மூன்றில் இரண்டு பங்கு அப்படித் தொலைந்திருந்தது. காற்றால் முடுக்கப்பட்ட அயனிகளில் சில திரும்பி வந்து வளிமண்டலத்தின் மேல்தளத்தில் மோதி, அங்குள்ள அணுக்களைத் தெறிக்கவைக்கின்றன. ஆர்கான் போன வழி அதுவே. கவசம் இல்லாததால் செவ்வாய் வறண்டது என்று பத்திரிகைகள் எழுதியதற்கு இவையே ஆதாரம்.

இந்த வாதத்தின் முன் வெள்ளியை வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கும் காந்தப்புலம் இல்லை; சூரியனுக்கு இன்னும் அருகில் இருக்கிறது. ஆனால் அதன் வளிமண்டலத்தின் அழுத்தம் நம்முடையதைப் போலத் தொண்ணூறு மடங்கு. அதன் அயனிமண்டலத்தில் தூண்டப்படும் மின்னோட்டங்களே ஒரு தற்காலிகக் காந்தத் தடுப்பை உண்டாக்கிவிடுகின்றன. வீனஸ் எக்ஸ்பிரஸ் அளந்தபோது, வெளியேறும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில், அதாவது நீரின் விகிதத்தில் இருந்தன. மறுபக்கம், காந்தக் கவசத்தோடு இருக்கும் பூமியும் கசிகிறது. துருவங்களில் காந்தக் கோடுகள் விண்வெளியை நோக்கித் திறந்திருக்கின்றன. 2022 மே மாதம் ஸ்வால்பார்ட் தீவிலிருந்து ஏவப்பட்ட என்ட்யூரன்ஸ் ராக்கெட், துருவ அயனிமண்டலத்தில் 0.55 வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டை அளந்தது. சிறு கடிகார பேட்டரியின் மின்னழுத்தம்கூட இல்லை. ஆனால் ஹைட்ரஜன் அயனிகளை மேலே தூக்கிவிட அது போதுமானது.

மூன்று கோள்களின் அயனி இழப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கோளுக்குக் கோள் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. பெல்ஜியத்தில் ஹெர்பெர்ட் குனெலும் உடன் ஆய்வாளர்களும் 2018-ல் இதை நேருக்கு நேர் எடுத்துச் சொன்னார்கள்: கோளின் சொந்தக் காந்தப்புலம் வளிமண்டலத்தைக் காக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. காரணம் எளிது. பெரிய காந்தமண்டலம் பெரிய பரப்பில் சூரியக் காற்றின் ஆற்றலை வாங்குகிறது. வாங்கியதில் ஒரு பகுதியைத் துருவங்களுக்குக் கொண்டுபோய் இறக்குகிறது. அங்கே வளி சூடாகித் தப்புகிறது. தப்பியதில் எவ்வளவு காந்தமண்டலத்துக்குள்ளேயே சுற்றித் திரும்பி வருகிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. என் நோக்கில், செவ்வாயின் இழப்புக்கு அதன் சிறிய உருவமும் குறைந்த ஈர்ப்புமே முதல் காரணம். காந்தம் அணைந்தது அடுத்தபடியான காரணம். இளம் சூரியனின் புற ஊதாக் கதிர்களும் காற்றும் இப்போதையதைவிடப் பன்மடங்கு கடுமையாக இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. கவசக் கதை எளிமையானது என்பதற்காகவே அதைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருப்பது சரியல்ல. வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களில் உயிர் இருக்க முடியுமா என்ற மதிப்பீடுகளும் அதன்மேல் கட்டப்படுகின்றன.

வியாழனின் நிலாக்களைத் தொடுவது சூரியக் காற்று அல்ல. வியாழனின் காந்தமண்டலத்துக்குள் கூடவே சுழலும் பிளாஸ்மா. அதன் பெரும்பகுதியும் ஒரு நிலாவே கொடுத்தது. அயோவின் எரிமலைகளும் அதன் மெல்லிய வளியும் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு டன் கந்தகத்தையும் ஆக்சிஜனையும் வெளியே விடுகின்றன. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழல்வதால், அந்தப் பிளாஸ்மா வினாடிக்கு 74 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. அயோவின் வேகமோ 17 மட்டுமே. ஆகவே பிளாஸ்மா நிலாவைப் பின்னாலிருந்து முந்திக்கொண்டு போகிறது. அயோ வியாழனின் காந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டுவதால் பல லட்சம் ஆம்பியர் மின்னோட்டம் பிறந்து, வியாழனின் துருவத்தில் ஓர் ஒளிப்பொட்டாக விழுகிறது. அயோ எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப அந்தப் பொட்டும் நகர்கிறது. கொடுக்கல் வாங்கலின் இன்னொரு கண்ணி யூரோப்பா: அயோவின் கந்தகம் அதன் பின்பக்கத்தில் வந்து புதைந்து, பனியைச் செம்பழுப்பாக்குகிறது.

பிளாஸ்மாவின் நெளிவை வைத்தே ஒரு நிலாவின் உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கலாம் என்பதுதான் இந்தத் துறையின் மிகப் பெரிய பலன் என்று நினைக்கிறேன். 2005 பிப்ரவரி 17-ல் காசினி விண்கலம் சனியின் நிலாவான என்செலாடஸை 1,264 கிலோமீட்டர் உயரத்தில் கடந்தது. 500 கிலோமீட்டர் குறுக்களவுள்ள அந்தப் பனிப்பந்தில் வளி இருக்கும் என்று யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆனால் சனியின் காந்தக் கோடுகள், எதிலோ முட்டி வளைவதுபோல அதைச் சுற்றி மடிந்திருந்தன. காந்தமானிக் குழுவின் தலைவரான மிஷேல் டோஹெர்ட்டி, பின்னொரு பயணத்தில் இன்னும் நெருங்கிப் போக வேண்டும் என்று வற்புறுத்தினார். ஜூலை 14-ல் 173 கிலோமீட்டர் உயரத்துக்கு இறக்கினார்கள். தென்துருவத்தின் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவது உறுதியானது. முதல் சாட்சி சொன்னது கேமரா அல்ல, வளைந்த காந்தப்புலம்.

யூரோப்பாவின் கடலும் அப்படித்தான் தெரியவந்தது. வியாழனின் காந்த அச்சு ஏறத்தாழ பத்து டிகிரி சாய்ந்திருப்பதால், யூரோப்பாவில் காந்தப்புலம் 11.2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆடுகிறது. உள்ளே உப்புநீர்க் கடல் இருந்தால் அதில் மின்னோட்டம் தூண்டப்படும். தூண்டப்பட்ட காந்தமும் கூடவே திசை மாறும். மார்கரெட் கிவெல்சன் குழு இதை முன்கூட்டியே சொல்லிவைத்துக் காத்திருந்தது. 2000 ஜனவரி 3-ல் கலிலியோ விண்கலம் கடந்தபோது திசை மாறித்தான் இருந்தது. வியாழனின் இன்னொரு நிலாவான கானிமீடுக்கோ சொந்தக் காந்தமே உண்டு; அதன் துருவ ஒளிகள் கடல் இல்லாவிட்டால் ஆறு டிகிரி ஆட வேண்டியிருக்க, ஹப்பிள் தொலைநோக்கியில் இரண்டு டிகிரியே ஆடின. பனிக்கடியில் உள்ள கடல் மீதி ஆட்டத்தைத் தடுக்கிறது என்று 2015-ல் அறிவித்தார்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. யூரோப்பாவைச் சுற்றி ஓடும் பிளாஸ்மாவே மின்னோட்டங்களை உண்டாக்குகிறது. அவற்றின் காந்தமும் கடலின் காந்தத்தோடு கலந்துதான் காந்தமானியில் பதிகிறது. கலிலியோவின் தரவுகளிலிருந்து கடலின் ஆழத்தையும் உப்பையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். 2024 அக்டோபர் 14-ல் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் 2030-ல் வியாழனை அடையும்போது, காந்தமானியோடு பிம்ஸ் என்ற பிளாஸ்மா அளவியும் அதில் வேலை செய்யும். யூரோப்பாவை 49 முறை கடக்கத் திட்டம். ஒவ்வொரு முறையும் சுற்றியுள்ள அயனிகளின் அடர்த்தியையும் வேகத்தையும் பிம்ஸ் அளக்கும். அதிலிருந்து பிளாஸ்மாவின் காந்தப் பங்கைக் கணக்கிட்டு, மொத்தத்திலிருந்து கழிப்பார்கள். கழித்தபின் எஞ்சுவது கடலின் காந்தம். அதை வைத்துத்தான் பனிக்கூரை எத்தனை கிலோமீட்டர் தடிமன், கடல் எவ்வளவு ஆழம், அதில் எவ்வளவு உப்பு என்ற மூன்று எண்களையும் பிரித்தெடுக்கப் போகிறார்கள்.